கூகுள் ஃபார்ம் நிரப்பியதும் மெயில் தானாகப் போக: ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ட்ரிக்கர் வைப்பது எப்படி

பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிய கூகுள் ஃபார்ம் போட்டுவிட்டு, தினமும் ராத்திரி ஷீட்டைத் திறந்து ஒவ்வொருவருக்கும் "உங்கள் பதிவு கிடைத்தது" என்று கையால் மெயில் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை ஷீட்டோடு இலவசமாகவே வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் செய்துவிடும். கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும்.

முதலில் ஃபார்மின் பதில்கள் பகுதிக்குப் போய் அதை ஒரு ஷீட்டோடு இணைத்துவிடுங்கள். அந்த ஷீட்டில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கும், திறந்தால் எடிட்டர் வரும். அதில்தான் நம் ஃபங்ஷனை எழுதப்போகிறோம்.

ஏதாவது ஒன்று நடந்ததும் ஃபங்ஷனைத் தானாக ஓடவைக்கும் ஏற்பாடுதான் ட்ரிக்கர். எழுதுவதற்கு முன், எந்த ஈவென்ட், அதாவது எது நடந்தால் ஓட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும், பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஷீட்டில் ஏதாவது மாறினால் ஓடும் ஆன்எடிட் என்ற ஃபங்ஷன் பெயர் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அது ஒரு மனிதர் ஷீட்டில் நேரடியாகத் தட்டினால் மட்டும்தான் ஓடும்; ஃபார்ம் வழியாக வரும் வரிக்கோ, ஃபார்முலாவால் மாறும் செல்லுக்கோ, இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதும் மதிப்புக்கோ அது அசையாது. போதாததற்கு, வெறும் பெயரை வைத்தே ஓடும் இந்த எளிய ட்ரிக்கர்களுக்கு மெயில் அனுப்ப அனுமதியும் கிடையாது, 30 விநாடிக்கு மேல் ஓடவும் முடியாது. நமக்கு வேண்டியது நாமே நிறுவும் ஃபார்ம் சப்மிட் ட்ரிக்கர்.

எடிட்டரின் இடப்பக்கம் கடிகாரப் படம் இருக்கிறதே, அதை அழுத்தி புதிய ட்ரிக்கர் சேருங்கள். எந்த ஃபங்ஷன் என்ற இடத்தில் உங்களுடையதையும், ஈவென்ட் எங்கிருந்து என்பதில் ஸ்ப்ரெட்ஷீட்டையும், ஈவென்ட் வகையில் ஃபார்ம் சப்மிட்டையும் தேர்ந்தெடுங்கள். பிழை வந்தால் தகவல் சொல்வதற்கு ஒரு அமைப்பு இருக்கும், அதை "உடனே" என்று மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது அனுமதி கேட்கும், இந்த ஆப் சரிபார்க்கப்படவில்லை என்று எச்சரிக்கையும் வரலாம். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் அட்வான்ஸ்டு வழியாக உள்ளே போகலாம். வேறு யாரோ கொடுத்த ஸ்கிரிப்ட் என்றால் முழுசாகப் படிக்காமல் அனுமதி கொடுக்காதீர்கள்.

சரி, ஃபங்ஷனுக்குள் என்ன எழுதுவது? ட்ரிக்கர் ஓடும்போது ஒரு ஈவென்ட் ஆப்ஜெக்ட் கையில் வரும், நிரப்பியவரின் பதில்கள் அதிலேயே இருக்கும், அதிலிருந்து மெயில் முகவரியை எடுத்து அங்கேயே அனுப்பிவிடலாம். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. எனக்கு இந்த முறை பிடிக்காது. ஒருவர் தன் பதிலைத் திருத்தி மறுபடி அனுப்பினால் ட்ரிக்கர் மறுபடி ஓடும், அப்போது மாற்றாத பதில்கள் அந்த ஆப்ஜெக்டில் காலியாக வரும். பாதியில் ஓட்டம் நின்றுபோனால் அந்த ஆளுக்கு மெயில் போகாது, போகவில்லை என்று ஷீட்டைப் பார்த்தாலும் தெரியாது. ட்ரிக்கரை வெறும் காலிங் பெல்லாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மணி அடித்ததும் கதவைத் திறந்து யார் யார் நிற்கிறார்கள் என்று நாமே பார்க்க வேண்டும்.

அதாவது ஷீட்டின் கடைசியில் "மெயில் நிலை" என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். ஃபங்ஷன் ஓடியதும், எந்த வரியால் ஓடியது என்று கவலைப்படாமல், நிலை காலியாக இருக்கும் எல்லா வரிகளையும் தேடட்டும். ஒவ்வொன்றுக்கும் முதலில் "அனுப்புகிறோம்" என்று எழுதி, ஃப்ளஷ் செய்து ஷீட்டில் பதியவைத்து, மெயிலை அனுப்பி, பிறகு "அனுப்பியாச்சு" என்று மாற்றட்டும். நடுவில் ஏதாவது ஆனால் "அனுப்புகிறோம்" என்றே நிற்கும் வரியை நீங்கள் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம், ஒருவருக்கே இரண்டு மெயில் போகாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஃபார்ம் அனுப்பினால் ஃபங்ஷனும் இரண்டு தடவை ஒன்றாக ஓடும், அதனால் ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும்படி, தொடக்கத்திலேயே ஆப்ஸ் ஸ்கிரிப்டின் லாக் சர்வீஸ் மூலம் ஸ்கிரிப்ட் லாக் போட்டு, முடிவில் விடுங்கள். நெடுவரிசையை எண்ணால் குறிப்பிடாமல் தலைப்பால் தேடச் சொல்லுங்கள், ஃபார்மில் புதுக் கேள்வி சேர்த்தால் எண் மாறிவிடலாம்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். ட்ரிக்கர் வைப்பதற்கு முன்பே ஷீட்டில் பழைய பதிவுகள் இருந்தால் அவற்றின் நிலையில் "பழையது" என்று நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே அத்தனை பேருக்கும் மெயில் பறக்கும்.

இப்படி எழுதியதில் ஒரு லாபம், அதே ஃபங்ஷனுக்கு மணிக்கு ஒரு தடவை ஓடும் நேர ட்ரிக்கரும் வைக்கலாம். விட்டுப்போன வரி ஏதாவது இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மெயில் அனுப்ப முடியும். அன்றைக்கு மீதி எத்தனை என்பதை, ஆப்ஸ் ஸ்கிரிப்டில் மெயில் அனுப்பும் மெயில்ஆப்பிடமே கேட்டு, பூஜ்யமானால் அந்த வரியைத் தொடாமல் நிறுத்திவிடுங்கள், காலியாக இருப்பவர்களுக்கு மறுநாள் போய்விடும். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிட வரம்பும் உண்டு.

சோதிப்பதற்கு ஃபார்மையே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எடிட்டரில் ரன் அழுத்தினாலும் இந்த ஃபங்ஷன் ஓடும், ஆனால் ட்ரிக்கர் சரியாக மாட்டியிருக்கிறதா என்பது அதில் தெரியாது. எக்ஸிக்யூஷன்ஸ் பக்கத்தில் எப்போது, எந்த ட்ரிக்கரால் ஓடியது, பிழை என்ன என்றெல்லாம் இருக்கும்.

நிறுவிய ட்ரிக்கர் எப்போதும் அதை நிறுவியவரின் கணக்கில்தான் ஓடும், மெயிலும் அவர் பெயரில்தான் போகும். ஒருவர் வைத்த ட்ரிக்கர் இன்னொருவரின் திரையில் தெரியாது. எனவே குழுவாக வேலை செய்தால் பொதுவான ஒரு கணக்கிலிருந்து மட்டும் ட்ரிக்கர் வையுங்கள், அது எந்தக் கணக்கு என்பதை ஷீட்டிலேயே ஒரு தனித் தாளில் எழுதிவிடுங்கள்.