லுயிஜி கிர்ரி பாணியில் வீவக புளோக்கைப் படமெடுக்க

இத்தாலியப் புகைப்படக் கலைஞர் கிர்ரியின் படங்களில் முதலில் கண்ணில் படுவது வெளிறிய நிறம். ஃபில்டர் போட்டு அதை மட்டும் காப்பியடித்தால் வேலைக்கு ஆகாது. 1943-ல் ஸ்காண்டியானோவில் பிறந்த இவர், 1970-ல் படமெடுக்கத் தொடங்கியபோது பிழைப்புக்குச் செய்தது நில அளவை வேலை. எடுக்கும் பொருளுக்கு நேர் எதிரே, கோடு கோணாமல் நிற்பதில் அந்தத் தொழிலின் சாயல் உண்டு. ஆகவே முதலில் நிற்கும் இடம், பிறகுதான் நிறம்.

கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் வீவக புளோக் (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிக் கட்டடம்) மேலே போகப்போகக் குறுகி, பின்னால் சாயும். எதிர் புளோக்கின் நான்காம் அல்லது ஐந்தாம் மாடிப் பொது நடைபாதைக்குப் போங்கள். கேமராவைத் தூக்கவோ தாழ்த்தவோ வேண்டியிராது. 35 மி.மீ ஃபிலிம், 50 மி.மீ லென்ஸ், 20 மீட்டர் தூரம் என்றால் 14.4 மீட்டர் அகலமும் 9.6 மீட்டர் உயரமும் படத்துக்குள் வரும். மூன்று மாடிக்குக் குறையாது. துணி காயும் கழிகள் சுவரிலிருந்து உங்களை நோக்கி நீள்வதால், சட்டைகளின் விளிம்பு மட்டும் மெல்லிய பட்டையாகத் தெரியும். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தாலே அது கலைந்துவிடும். சன்னலில் ஆள் தெரிந்தால் காத்திருங்கள். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது கிர்ரி பாணியல்ல.

சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். அந்நேரம் சன்னல் விளிம்புகளுக்கடியில் கறுப்பு நிழல் அப்பிக்கொள்ளும். மெல்லிய மேகம் மூடிய காலையே நல்லது. ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவ் என்றால் ஒளி அளக்கும் மீட்டரை 200-ல் வையுங்கள்; மேகம் மூடிய வெளிச்சத்துக்கு எஃப் 8, 1/250 நொடி. இந்த ஃபிலிம் ஒரு ஸ்டாப் கூடுதலை, அதாவது இருமடங்கு ஒளியை, தாங்கும். குறைந்தால்தான் வம்பு: நிழல் சேறாகி, பச்சை தட்டும். ஸ்லைடும் டிஜிட்டலும் நேர்மாறு. அவற்றில் வெள்ளைச் சுவர் வெளுத்துப்போனால் மீட்க முடியாது. சுவருக்கு அளந்து எடுத்துவிட்டு, நடுத்தொனியைப் பிறகு உயர்த்துங்கள். எடிட் செய்யும்போது நிறச் செறிவை 10 முதல் 15 வரை குறைத்தால் போதும்.

குளிர்சாதன எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும். பையை மூடியபடியே 20 நிமிடம் விடுங்கள். துடைத்தால் மறுபடி படியும்.

லேபில் ஸ்கேனர் தானாகவே கான்ட்ராஸ்டைக் கூட்டிவிடும். ஃபிலிமைக் கொடுக்கும்போதே கூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையேல் பட்ட பாடெல்லாம் வீண்.

பழக இடம் வேண்டுமா? தேக்காவில், கெர்பாவ் சாலையிலுள்ள டான் டெங் நியா வீடு. 1900-ல் கட்டியது. அதன் வண்ணங்களை எல்லாரும் இன்னும் ஏற்றித்தான் காட்டுகிறார்கள்; நீங்கள் இறக்கிப் பாருங்கள். வெளியே போக நேரமில்லாதவருக்கு 1974-ல் கிர்ரி செய்ததே பயிற்சி: நாளுக்கொன்றாக 365 வானப் படங்கள். மழை மேகம் திரளும் நம்மூர் வானத்தில் சாம்பல் நிறத்தின் வகைகளைப் பிரிக்கக் கண் பழகும். பிரிண்டைப் பளபளப்பில்லாத தாளில், 20 x 25 செ.மீ அளவுக்குள் போடுங்கள்.