கேஷில் காசைத் தேடும்போது செய்யும் தவறுகள்

மொரிஷியஸில் சூப்பர்மார்க்கெட்டுக்குள் போனால், பணம் கட்டும் இடத்தில் பெரும்பாலும் 'கெஸ்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். அதே கடையில் பெட்டியோடு வாங்கும் பியரை, இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியில் 'என் கெஸ் லாபியேர்' என்போம். முதல் கெஸ் கல்லா, இரண்டாவது பெட்டி. சொல் ஒன்றுதான். ஆங்கில 'கேஷ்' எங்கிருந்து வந்தது என்று இந்தத் தீவில் யாரும் தேடி அலைய வேண்டியதில்லை, விடை தலைக்கு மேலே பலகையில் தொங்குகிறது. இருந்தும் 'நம் காசுதான் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது' என்ற செய்தி வாட்ஸ்அப்பிலும் தமிழ் வகுப்பிலும் ஓய்ந்தபாடில்லை.

கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் கேஷுக்கு மூலம் லத்தீன் 'காப்ஸா', அதாவது பெட்டி. அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்'. ஆங்கிலத்துக்கு அது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருந்த பணத்தையும் குறித்தது. போகப்போகப் பெட்டி உதிர்ந்தது, பணம் நின்றது. 'இன்றைக்குக் கல்லா எவ்வளவு?' என்று நாம் கேட்பதும் பெட்டியைப் பற்றியா? பெட்டி என்னும் பொருளில் வரும் ஆங்கில 'கேஸ்', மருந்துக் 'கேப்ஸ்யூல்', பாட்டுக் 'கேசட்' எல்லாம் இதே காப்ஸாவின் வாரிசுகள்.

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய், 'அப்படியானால் தமிழுக்கும் கேஷுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. இரண்டாவது கேஷ் சிறு நாணயம் ஒன்றின் பெயர். அது நம்முடைய காசு. 1498இல் இந்தியா வந்த போர்ச்சுக்கீசியர் காசு என்று காதில் விழுந்ததைத் தங்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த 'காய்ஷா' ஆக்கிக்கொண்டார்கள். வம்பு இங்கேதான் தொடங்குகிறது: அவர்கள் மொழியில் பெட்டிக்கும் காய்ஷா என்றுதான் பெயர், அதுவும் காப்ஸாவிலிருந்து வந்தது. ஆக, வேறு வேறு ஊரில் பிறந்த இரண்டு சொற்கள் லிஸ்பனில் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டன. ஆங்கிலத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நுழைந்து ஒரே எழுத்துக்கூட்டில் உட்கார்ந்தன. நல்ல அகராதியில் பார்த்தால் கேஷ் தனித்தனி எண்களோடு இரண்டு தலைச்சொற்களாக இருக்கும். முதல் பதிவை மட்டும் படித்தவர் தமிழே இல்லை என்பார், இரண்டாவதை மட்டும் படித்தவர் எல்லாமே தமிழ் என்பார்.

இந்த இரண்டாவது கேஷ் எவ்வளவு சின்னது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பெனி ஆட்சிக் கால மதராஸில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் 'வராகன்' என்ற ஒரு பொன் நாணயம். ஒரு வராகனுக்கு 3,360 காசு எண்ண வேண்டும். தரங்கம்பாடியில் டேனியர் அடித்த செப்பு நாணயத்துக்குப் பெயர் 'காஸ்'. திருவிதாங்கூரில் 16 காசு 'சக்கரம்' என்ற ஒரு நாணயம். நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோக்கும் சீனச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே எழுதினார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதே இல்லை. சீனாவைப் பற்றிய ஆங்கில நூலில் 'ஒரு சரம் கேஷ்' என்று வந்தால் அதை ரொக்கக் கட்டு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அங்கே தமிழ்க் காசு சீன வேடத்தில் நிற்கிறது.

தலைகீழ்த் தவறும் நடக்கிறது. 'காசு ஆங்கிலத்திலிருந்து வந்த சொல், தூய தமிழில் பணம் என்று எழுது' என்று மாணவர்களைத் திருத்துகிறார்கள். குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளி ஒன்று வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரிய நகநுனியில் பிடித்த பொற்காசு போல அது இருக்கிறதாம். மஞ்சளாக, உருண்டையாக, நுனியில் பிடிபட்டு நிற்கும் காசு. சோழர் கல்வெட்டுகளிலும் காசு உண்டு. வெண்பாவின் கடைசிச் சீருக்கு வாய்பாடு சொல்லும்போது நாள், மலர், காசு, பிறப்பு என்கிறோம். காசுக்குக் குற்றம் என்றும் பொருள் இருக்கிறது: சிலப்பதிகாரத்தின் 'காசறு விரையே' என்றால் குற்றமற்ற மணம், காசில்லாத மணம் அல்ல. இத்தனையும் ஆங்கிலத்தில் கேஷ் வருவதற்கு நூற்றாண்டுகள் முந்தியவை. காசை வடமொழிக் 'கர்ஷ'த்தோடு இணைப்பவர்கள் உண்டு. அது தனி வழக்கு, ஆங்கிலத்துக்கு அதில் சாட்சி சொல்ல இடமில்லை.

இந்த மயக்கத்துக்குத் தமிழ் எழுத்தும் ஒரு காரணம். கிரியோலில் 'லாகாஸ்' வீடு. அதன் மூலம் குடிசையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். கிரியோலில் 'காஸ்' என்றால் உடைப்பது. லாகாஸின் கடைசி ஒலி தொண்டை அதிரும் ஒலி (ஆங்கில z போல), உடைப்பதில் அதிராத ஒலி (s போல). தமிழில் இரண்டையும் 'ஸ்' என்றே எழுதுகிறோம், வேறுபாடு மறைந்துபோகிறது. கணினியில் அழிக்கச் சொல்லும் 'கேஷ்' (cache) இன்னொரு சொல்: ஒளித்துவைப்பது என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. நீதிமன்றக் கேஸும் பெட்டிக் கேஸும்கூடத் தனித்தனி மூலம் உடையவை. எனவே தமிழில் எழுதி ஒப்பிடாதீர்கள். மூலமொழி எழுத்துக்கூட்டை எடுங்கள், கிடைக்கும் மிகப் பழைய வடிவத்துக்குப் போங்கள், பிறகு வந்த வழியைக் கேளுங்கள். வழி தெரியாத ஒற்றுமை வெறும் ஒலி. எட்டும் 'எய்ட்'டும் ஒன்று என்பவர்கள், லத்தீனில் அது 'ஆக்டோ' என்பதைப் பார்த்தால் அடங்கிவிடுவார்கள்.

வழி தெரிந்த சொல் எப்படி இருக்கும் என்பதற்கு, முருங்கைக்கீரைக்குக் கிரியோலில் உள்ள பெயரான 'பிரெத் மூரூம்' போதும். கீரையும், அதைச் சமைக்கத் தெரிந்தவர்களும், முருங்கை என்ற பெயரும் தமிழகத்திலிருந்தே இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1998 நவம்பரில் வந்த மொரிஷியஸ் ரூபாய் நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. 1999இல் தமிழ் மறுபடி இரண்டாம் இடத்துக்கு வந்தது. நோட்டிலேயே இடம் பிடித்த மொழிக்குக் கல்லாவில் இருப்பதையும் சொந்தம் கொண்டாட என்ன தேவை?

மொழிபெயர்ப்பில் வேறு வகைச் சறுக்கல்கள். 'கேஷ்லெஸ்' என்பதைக் 'காசில்லாப் பரிவர்த்தனை' என்று போடுகிறார்கள். தமிழில் காசில்லாதவன் ஏழை. 'ரொக்கமில்லாப் பரிவர்த்தனை' என்பதுதான் சரி, அதில் அட்டையும் செல்பேசியும் இருக்கின்றன என்பது புரியும். 'கேஷ் கிராப்' ரொக்கப் பயிர் ஆகாது. நம் கரும்பு பணப்பயிர். செக்கை 'கேஷ் பண்ணுவது' காசோலையை மாற்றுவது.

படை வரலாறு படிக்கும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். கல்லாவில் உட்காரும் கேஷியர் பெட்டியிலிருந்து வந்தவர். அதே எழுத்துக்கூட்டில் ஒரு வினையும் உண்டு. அது ரத்து செய்வது என்னும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு, டச்சு வழியாக வந்தது. ஓர் அதிகாரி 'கேஷியர் செய்யப்பட்டார்' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அவரைக் கணக்குப் பிரிவில் உட்காரவைத்துவிடாதீர்கள். அவமானப்படுத்தி வேலையை விட்டே துரத்தியிருக்கிறார்கள்.