சிவ் 6 டெய்ட்டில பக்கத்து நாட்டை ஆரம்பத்துலயே பிடிக்கிறது எப்படி

சிவிலைசேஷன் 6-ங்கிற டர்ன் டர்னா ஆடுற ஸ்ட்ராட்டஜி கேம்ல, டெய்ட்டிங்கிற ரொம்பக் கஷ்டமான லெவலைப் பாத்து நிறைய பேர் ஒதுங்குறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. நாம ஒரு செட்லர் (ஊர் கட்டுற யூனிட்) ஒரு வாரியரோட ஆரம்பிக்கிறோம், ஏஐ (கம்ப்யூட்டர் ஆடுற எதிரி நாடு) 3 செட்லரோட 5 வாரியரோட ஆரம்பிக்குது, அது போக அதோட ஒவ்வொரு யூனிட்டுக்கும் சண்டைல +4, ப்ரொடக்ஷனும் கோல்டும் 80 சதவீதம் கூட, சயின்ஸும் கல்ச்சரும் 32 சதவீதம் கூட. இதை எல்லாம் வச்சுக்கிட்டு அது ஊர் கட்ட நாமளும் ஊர் கட்டன்னு அமைதியா போட்டி போட்டா முதல் 100 டர்ன் முழுக்க நாம பின்னாடிதான் ஓடிட்டு இருப்போம். ஆனா பக்கத்துல இருக்கிற ஒரு ஏஐயை ஆரம்பத்துலயே பிடிச்சுட்டா அது அந்த 3 செட்லரை வச்சு கட்டின ஊர் எல்லாம் நமக்கு வந்துரும், டெய்ட்டி அதுக்குக் கொடுத்த போனஸ் நம்ம கைக்கு மாறிரும். அதுக்கு அப்புறம் சயின்ஸ், கல்ச்சர் எந்த விக்டரிக்கு வேணா போகலாம். நான் இங்க சொல்றது கேதரிங் ஸ்டார்ம் எக்ஸ்பான்ஷன் வரைக்கும் போட்ட கேம், ஸ்டாண்டர்ட் ஸ்பீடு. மேப் பான்ஜியாவா (எல்லாரும் ஒரே பெரிய நிலப்பரப்புல) இருந்தா இன்னும் நல்லது.

முக்கியமான விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். ஊரைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி படையைக் கொல்லணும், அதுவும் நம்ம எல்லைக்குள்ள வச்சு கொல்லணும். பெரும்பாலானவங்க 4 ஆர்ச்சர் (வில்லாளி) ரெடி ஆன உடனே நேரா எதிரி ஊருக்குப் போயிடறாங்க, அங்க 7, 8 வாரியர் நிக்குது, நடுவுல காடு மலைன்னு நம்ம ஆளுங்க பாதி தூரத்துலயே மூச்சு வாங்குறாங்க, 10 டர்ன்ல எல்லாம் முடிஞ்சுருது. டெய்ட்டி ஏஐக்கு எண்ணிக்கைதான் பலம், அந்த எண்ணிக்கையை எப்படி நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது. ஒண்ணு ஒண்ணா வந்து விழும். அந்த பலவீனத்தை நம்பித்தான் இந்த முறையே இருக்கு.

கணக்கு என்னன்னா, ரெண்டு யூனிட்டும் ஒரே ஸ்ட்ரெங்த்னா ஒரு அடிக்கு சராசரியா 30 டேமேஜ் போகும். வித்தியாசம் 17 வந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நம்ம வாரியர் 20, டெய்ட்டி வாரியர் 24. சமதளத்துல மோதினா நாம 25 கொடுத்து 35 வாங்குவோம், அப்படியே போனா தோல்விதான். அதே வாரியரை காடு இருக்கிற குன்று மேல நிறுத்தி ரெண்டு டர்ன் ஃபோர்டிஃபை (நகராம தற்காப்பா நிக்கிறது) பண்ணிடுங்க, குன்றுக்கு +3, காட்டுக்கு +3, ஃபோர்டிஃபைக்கு +6, ஆக மொத்தம் 32. இப்போ அது வந்து அடிச்சா நமக்கு 22 கிட்டதான் போகும், அதுக்கு 41 போகும். அதே வாரியர்தான், நிக்கிற இடம் மாறினதுக்கே இவ்வளவு வித்தியாசம். பின்னாடி ரெண்டு ஆர்ச்சர் நின்னா அந்த டர்னே ஆள் காலி.

அதனால ஆரம்பத்துல என்ன கட்டணும்ங்கிறது இதை வச்சுத்தான். நான் போடுற வரிசை ஸ்கவுட், ஸ்லிங்கர் (கவண்காரன்), ஸ்லிங்கர், செட்லர், மறுபடி ஸ்லிங்கர். ஸ்லிங்கர் 35 ப்ரொடக்ஷன்தான், ஆர்ச்சரா நேரா கட்டினா 60. ஸ்லிங்கரை ஆர்ச்சரா மாத்த 60 கோல்டு ஆகும், அதனால ப்ரொடக்ஷனை விட கோல்டு சேக்குறதுல கவனம் வைங்க. ஸ்லிங்கரால ஒரு யூனிட்டைக் கொன்னா ஆர்ச்சரி டெக்கோட யுரேகா கிடைக்கும், அந்த டெக்குக்கு ஆகுற ஆராய்ச்சி 40 சதவீதம் குறையும், இதுக்கு பார்பேரியன் (எந்த நாட்டையும் சேராத கொள்ளைக்கூட்டம்) ஸ்கவுட் ஒண்ணு மாட்டினா போதும். வாரியரை விட்டு அடிச்சு குறைச்சுட்டு கடைசி அடி மட்டும் ஸ்லிங்கர் அடிக்கணும், இதை மறந்துட்டு வாரியராலயே கொன்னுடாதீங்க.

கோல்டு எங்க இருந்து வரும்னு கேட்டா, ஏஐகிட்ட இருந்துதான். அதுங்களுக்கு 80 சதவீதம் கோல்டு கூட வருதுல்ல, அதை வாங்கிக்கணும். லக்ஷுரி ரிசோர்ஸ் ரெண்டு இருந்தா ஒண்ணை வித்துருங்க, ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஆரம்பத்துல வித்துரலாம், அந்த நேரத்துல அமெனிட்டியை (மக்களோட சந்தோஷத்தை) விட ஒரு ஆர்ச்சர் முக்கியம். டிப்ளமேடிக் ஃபேவர் (ராஜதந்திரப் பாயிண்ட்) நமக்கு அப்போ எதுக்கும் ஆகாது, அதையும் வித்துருங்க, டிரேட் ஸ்கிரீனைத் திறந்து எந்த ஏஐ எவ்வளவு தருதுன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டு வித்தா நல்ல விலை வரும். யாரை அடிக்கப் போறோமோ அவங்ககிட்டயே வித்து அந்தக் காசுல அவங்களை அடிக்க ஆர்ச்சர் வாங்குறதுல எந்தத் தப்பும் இல்ல, ஆனா டர்னுக்கு இவ்வளவுன்னு தவணையா வாங்காம மொத்தமா வாங்கிடுங்க, சண்டை வந்தா தவணை நின்னுரும்.

சிவிக்ல (கல்ச்சரால திறக்குற ஆராய்ச்சி) கோட் ஆஃப் லாஸ் முடிஞ்சதும் கிராஃப்ட்ஸ்மன்ஷிப். அதுல வர்ற அகோஜி பாலிசி மெலீ (பக்கத்துல நின்னு அடிக்கிற), ரேஞ்ச்டு (தூரத்துல இருந்து அடிக்கிற) யூனிட்டுக்கு 50 சதவீதம் ப்ரொடக்ஷன் கூட்டும். இந்த சிவிக்குக்கு 3 டைல் (மேப் கட்டம்) இம்ப்ரூவ் பண்ணா பூஸ்ட் (யுரேகா மாதிரியே தள்ளுபடி), ஒரு பில்டர்ல 3 சார்ஜ் சரியா இருக்கும். அகோஜி போட்டதும் விடாம ஒரே மூச்சுல 2 ஆர்ச்சர் 2 வாரியர் கட்டிட்டு பாலிசியை மாத்திக்கோங்க. மைனிங் இருந்தா கேபிடல் பக்கத்துல இருக்கிற காட்டை ஒண்ணு ரெண்டு வெட்டினா இன்னும் சீக்கிரம் முடியும். காட்டை பின்னாடிக்கு வச்சுக்கலாம்னு தோணும், ஆனா இப்போ வர்ற ஒரு ஆர்ச்சர் 60-வது டர்ன்ல வர்ற மூணு ஆர்ச்சருக்கு மேல.

யாரை அடிக்கிறது? கிட்ட இருக்கிறவனை, அவ்வளவுதான், ஆனா சிலரை மட்டும் ஆரம்பத்துல தொடாதீங்க. சுமேரியா கில்காமெஷ்கிட்ட வார் கார்ட் இருக்கு, ஸ்ட்ரெங்த் 30, எந்த டெக்கும் வேணாம், முதல் டர்ன்ல இருந்தே கட்டுவான், அவனை ஃப்ரெண்டாக்கிக்கிறதுதான் புத்திசாலித்தனம். மான்டெசூமாவோட ஈகிள் வாரியர் 28, டெய்ட்டி போனஸோட 32, நம்ம ஆள் செத்தா அவனுக்கு பில்டரா வேற மாறிடுவான். நூபியாவோட பிடாட்டி ஆர்ச்சர் நம்ம ஆர்ச்சரை விட வேகமா நடக்கும், கூட அடிக்கும். இவங்க பக்கத்துல வந்துட்டா நல்ல இடத்துல தற்காப்பு பண்ணிட்டு வேற பக்கம் பாருங்க. மத்தபடி நடுவுல சமதளம் இருக்கிற, கேபிடல் நம்ம கேபிடல்ல இருந்து 10, 12 டைல்ல இருக்கிற ஆள்தான் சரியான ஆள். நடுவுல மலைத்தொடரும் ஒத்தையடிப் பாதையும் இருந்தா விட்டுருங்க. அடிக்கப் போறது இல்லாத மத்த ஏஐ எல்லாருக்கும் பாத்த டர்ன்லயே 25 கோல்டு கொடுத்து டெலிகேஷன் (தூதுக்குழு) அனுப்பிடுங்க, பின்னாடி ரெண்டு பக்கமும் அடி வாங்காம இருக்க இது ரொம்ப உதவும்.

இப்போ சண்டைக்கு வருவோம். டெய்ட்டில நிறைய தடவை ஏஐயே முதல்ல போர் அறிவிச்சுரும், நம்ம ராணுவம் சின்னதா தெரிஞ்சா அது சும்மா இருக்காது. அது வந்தா நல்லதுன்னு எடுத்துக்கோங்க. வரலைன்னா நாமளே ஆரம்பிக்கலாம், அதுக்கு நல்ல நேரம் அதோட செட்லர் காவல் இல்லாம நம்ம வாரியர் பக்கத்துல வந்து நிக்கிறப்போ. போர் அறிவிச்சு செட்லரைப் பிடிச்சா அது நமக்கு செட்லராவே இருக்கும், ஒரு ஊர் இலவசம். பிடிச்ச உடனே முன்னாடி போகாதீங்க, எல்லைக்குத் திரும்பிடுங்க. வலை விரிச்சுட்டு கரையில காத்திருக்கிற மாதிரி குன்று மேல ரெண்டு வாரியர், பின்னால ஆர்ச்சர், நடுவுல ஆறு இருந்தா இன்னும் பிரமாதம், ஏன்னா ஆத்தைத் தாண்டி அடிக்கிறவனுக்கு பெனால்டி உண்டு. ஏஐ வந்துட்டே இருக்கும். ஒரு டர்ன்ல எல்லா ஆர்ச்சரும் ஒரே ஆளை அடிக்கணும், நாலு பேரைக் காயப்படுத்துறதை விட ஒருத்தனைக் கொல்றது மேல், காயப்பட்டவன் திரும்பிப் போய் குணமாகி வருவான். ப்ரமோஷன் வந்தா உடனே எடுக்காதீங்க, எடுக்கிறப்போ 50 ஹெச்பி (உயிர்) ஏறும், அதனால அடி வாங்கின நேரத்துல எடுங்க. ப்ரமோஷன்ல ஆர்ச்சருக்கு முதல்ல வாலி, வாரியருக்கு பேட்டில்கிரை.

திரையில மேல வர்ற தலைவர்கள் ரிப்பன்ல எல்லாரோட மிலிட்டரி ஸ்ட்ரெங்த்தையும் காட்ட வைக்கலாம், அதை டர்னுக்கு ஒரு தடவை பாருங்க. எதிரியோட நம்பர் சரிஞ்சு நம்மகிட்ட கிட்ட வந்துருச்சுன்னா அன்னைக்கே கிளம்பணும். இந்த இடத்துலதான் நிறைய பேர் தாமதிக்கிறாங்க, இன்னும் ரெண்டு ஆர்ச்சர் வரட்டும்னு நிக்கிறாங்க, அதுக்குள்ள ஏஐ மேசன்ரி டெக் முடிச்சு வால்ஸ் (மதில்சுவர்) கட்டிருது. வால்ஸ் இல்லாத ஊர் நம்மளை சுட முடியாது, 200 ஹெச்பி மட்டும்தான், ஆர்ச்சர் பயமில்லாம பக்கத்துல நின்னு அடிக்கலாம். வால்ஸ் வந்துட்டா ஊரே டர்னுக்கு ஒரு தடவை சுடும், நம்ம அம்பு சுவத்துல பெருசா எதுவும் பண்ணாது. அதனால 35, 40 டர்ன்குள்ள முதல் ஊரை அடிக்கிற மாதிரி பாத்துக்கோங்க.

ஊரைச் சுத்தி நிக்கிறதுல ஒரு விஷயம் கவனிக்கணும். ஊர் டர்னுக்கு 20 ஹெச்பி ஏத்திக்கும், முற்றுகை ஆயிட்டா ஏத்த முடியாது. முற்றுகைக்கு 6 டைல்லயும் ஆள் நிக்க வேணாம், எல்லா டைலும் நம்ம யூனிட்டோட ஜோன் ஆஃப் கன்ட்ரோல்ல (பக்கத்து டைல்ல எதிரி நடமாட்டத்தைத் தடுக்கிற ஆதிக்கம்) இருந்தா போதும், அதுக்கு எதிரெதிர் பக்கத்துல ரெண்டு வாரியர் நின்னாலே பல ஊருக்கு சரியாயிரும். ஆர்ச்சருக்கு இந்த ஜோன் கிடையாது, ஆத்துக்கு அந்தப் பக்கமும் இது போகாது, ஆறு ஓடுற ஊருன்னா மூணாவது வாரியர் வேணும். ஊரை கடைசியா உள்ள போய் பிடிக்கிறதும் மெலீதான், அதனால ஒரு வாரியரையாவது முழு உடம்போட வச்சுக்கோங்க. காயம்பட்டவனை எதிரியோட ஃபார்ம் மேல நிறுத்தி பில்லேஜ் (கொள்ளை) பண்ணா 50 ஹெச்பி வந்துரும்.

வால்ஸ் ஏற்கனவே வந்துருச்சா? அப்பவும் கதை முடியல, பேட்டரிங் ராம் (சுவர் இடிக்கிற தண்டு) ஒண்ணு கட்டுங்க. ராம் ஊரை ஒட்டி நிக்கிறப்போ நம்ம மெலீ அடி சுவத்துல முழுசா இறங்கும், ஆர்ச்சருக்கும் குதிரைக்கும் இது உதவாது. ராமுக்கு மேல ஒரு வாரியரை நிறுத்துங்க, தனியா விட்டா பிடிச்சுட்டுப் போயிருவான். வாரியரே போதாதுன்னா இரும்பு தேடி ஸ்வார்ட்ஸ்மேனா மாத்தணும், அந்த நேரத்துல பொலிட்டிக்கல் ஃபிலாசஃபி சிவிக் முடிச்சு ஒலிகார்க்கி ஆட்சிமுறை போட்டா தரை மெலீக்கு +4, டெய்ட்டியோட +4 அங்கயே சமமாயிரும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எப்பவும் ஒலிகார்க்கிதான் எடுப்பேன்.

முதல்ல சின்ன ஊரா கேபிடலான்னு கேட்டா, வழியில வால்ஸ் இல்லாத ஊர் இருந்தா அதை எடுத்துக்கோங்க, ஆனா ரொம்ப நேரம் கேபிடலை விட்டு வைக்காதீங்க. லாயல்டி (ஊரோட விசுவாசம்) அழுத்தம் 9 டைல்குள்ள இருக்கிற மக்கள்தொகையை வச்சு வருது, பெரிய கேபிடல் எதிரி கையில இருந்தா நாம பிடிச்ச சின்ன ஊர் சில டர்ன்ல நம்மளை விட்டுப் போயிரும். கவர்னரை வச்சா லாயல்டிக்கு +8, அதுக்கு விக்டர்ங்கிற கவர்னர்தான் சரி, மத்தவங்க ஊர்ல செட்டில் ஆக 5 டர்ன் எடுப்பாங்க, விக்டருக்கு 3 போதும். கேபிடல் விழுந்துட்டா அழுத்தம் நம்ம பக்கம் திரும்பிரும், மீதி ஊர்ல ஒண்ணு ரெண்டு தானாவே ஆட்டம் காணும்.

போர் ஆரம்பிச்சு 10 டர்ன் ஆகாம சமாதானம் பேச முடியாது, அதனால ராணுவம் தேய்ஞ்சு போச்சுன்னா நம்ம எல்லைக்குள்ள வந்து குணமாகிட்டு திரும்பப் போங்க, எதிரி ஊர் வாசல்ல நின்னு குணமாக பாக்காதீங்க. சமாதானம் கேக்குறப்போ அதுகிட்ட இருக்கிற கோல்டு முழுக்க கேளுங்க, தோத்துட்டு இருக்கிற ஏஐ சில நேரம் ஊரையே கொடுத்துரும். சமாதானம் ஆனா 10 டர்ன் திரும்ப போர் அறிவிக்க முடியாது, அந்த நேரத்துல ஆர்ச்சரை எல்லாம் அடுத்த எல்லைக்கு நடத்திடுங்க. ஒரு ஆர்ச்சரைக் கூட கலைச்சுடாதீங்க, 3 ஆர்ச்சர் கையில இருந்தா மெஷினரி டெக்குக்கு யுரேகா வரும், அது முடிஞ்சதும் ப்ரமோஷன் வாங்கின இதே ஆளுங்க கிராஸ்போமேனா மாறுவாங்க.