மேயர் நாற்காலியிலிருந்து மக்களவைக்கு: சென்னை வேட்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 இடைத்தேர்தலில் கோவை மேயரான கணபதி ராஜ்குமார், 2024இல் வேறொரு கட்சியின் வேட்பாளராக நின்று கோவை மக்களவைத் தொகுதியில் சுமார் 1.18 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மேயர்கள் டெல்லிக்குப் போக முடியும் என்பதற்கு இதை உதாரணம் காட்டுகிறார்கள். அவரை மேயராக்கியது மாநகர மக்களின் நேரடி ஓட்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 முதல் மேயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாமன்ற உறுப்பினர்கள், அதாவது வார்டு கவுன்சிலர்கள். இன்றைய சென்னை மேயருக்கு மக்கள் நேராக ஓட்டுப் போட்டது 200 வார்டுகளில் ஒரே ஒரு வார்டில். முகம் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்த முகத்துக்கெல்லாம் ஓட்டு விழுந்துவிடாது.

முதல் தவறு, மாநகராட்சி எல்லையையே தொகுதி எல்லையாக நினைப்பது. அம்பத்தூர், மதுரவாயல், ஆலந்தூர் மாநகராட்சிக்குள் வருபவை. மக்களவைக்கோ அவை ஸ்ரீபெரும்புதூர் தொகுதி. மாதவரம் திருவள்ளூரோடு போய்விடும். தென் சென்னையில் நிலைமை தலைகீழ். சோழிங்கநல்லூர் சட்டமன்றப் பகுதியில் மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் எல்லாம் ஊராட்சிகள். அங்கே மாநகராட்சிச் சாதனைப் பட்டியலை வாசித்தால் கேட்பவருக்கு அது பக்கத்து ஊர்க் கதை. 2024இல் அந்த ஒரு சட்டமன்றப் பகுதியில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நாளெல்லாம் சுற்றிவிட்டு, சோழிங்கநல்லூருக்குக் கடைசி வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்குவது கணக்கே தெரியாத வேலை.

பெரும்பாக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கின்றன. குடிமாறியவர் முகவரியை மாற்றாவிட்டால் ஓட்டு பழைய தெருவிலேயே கிடக்கும். வாக்குப்பதிவு நாளில் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி அவர் போக மாட்டார். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குச் சுமார் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிரச்சாரம் தொடங்கிய பிறகு இதை நினைத்தால் வாசல் மூடியிருக்கும். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே பிளாக் பிளாக்காக ஆள் போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது பதவியே கண்ணியாகும் இடம். சென்னை மாவட்டத்தின் தேர்தல் அதிகாரி மாநகராட்சி ஆணையர். 2024இல் வட, மத்திய, தென் சென்னை மூன்று தொகுதிகளுக்கும் தேர்தல் நடத்தும் அலுவலர்களாக இருந்தவர்கள் மாநகராட்சியின் வட்டார துணை ஆணையர்கள். நேற்றுவரை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக் கூட்டங்களில் மேயருக்கு எதிரே உட்கார்ந்தவர்கள், தேர்தல் அறிவித்த நிமிடம் முதல் அவருடைய மனுவையும் செலவையும் பரிசீலிக்கிறவர்கள். பழக்க தோஷத்தில் ஒரு உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டு "அந்தத் தெருவுல கொஞ்சம் தார் போட்டுடுங்க" என்றால் அது தேர்தல் நடத்தை விதி மீறல் புகாராகி எதிர்க்கட்சி கையில் போய்ச் சேரும். அதிகாரிக்கும் தலைவலி. ஏற்கெனவே நடக்கும் பணி தொடரலாம். புதிதாக அறிவிப்பதும் அடிக்கல் நாட்டுவதும் கூடாது. அரசு கார், ஓட்டுநர், உதவியாளர், மாநகராட்சிக் கட்டடம் எதுவும் பிரச்சாரத்தின் பக்கம் வரக் கூடாது. உங்கள் படம் போட்ட பலகைகளை அதிகாரிகள் மறைக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

மேடையில் எதைப் பேசுவது? மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு என்று மட்டும் பேசினால், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்த வேளச்சேரிக்காரர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார். அதற்கு நேர்மையான பதிலைத் தயாராக வைத்திருங்கள்: எந்தக் கால்வாய், எவ்வளவு முடிந்தது, எது பாக்கி, ஏன் பாக்கி. அதைச் சொன்ன பிறகு எம்.பி. செய்யக்கூடிய வேலைக்கு வர வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலை மத்திய அரசு நிறுவனம்; எண்ணூர் காமராஜர் துறைமுகமும் அப்படியே. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது வலையும் படகும் பாழான மீனவர்களுக்குத் தேவைப்பட்டது நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கும் குரல். எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றப் பகுதிக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 83 லட்சம். இதை வைத்துத் தொகுதியையே மாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

மனு தாக்கலில் ஊர்வலத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதி, மனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26க்குக் காட்டினால் போதும். அதில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுதியே ஆக வேண்டும். கடந்த 10 ஆண்டில் அரசு ஒதுக்கிய வீட்டில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், குடிநீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். பதவியில் இருந்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நீங்கள்தான் கட்சியின் வேட்பாளர் என்று சொல்லும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் வந்துவிட வேண்டும்.

செலவு உச்சவரம்பு 95 லட்சம். 2024இல் தென் சென்னையில் வாக்காளர்கள் சுமார் 20 லட்சம் என்பதால் தலைக்கு ஐந்து ரூபாய்கூட வராது. மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தனி வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். ஒருவருக்குத் தேர்தல் முழுக்க ரொக்கமாகக் கொடுக்கக்கூடிய மொத்தம் 10,000 ரூபாய். மைக் கட்டிய ஆட்டோவுக்கு நாள் வாடகை 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கையில் கொடுத்தால் 13ஆம் நாள் 10,400 ஆகி வரம்பு தாண்டிவிடும். முதல் நாளே காசோலை கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை கிடையாது.

2024இல் மாநிலம் முழுக்க வாக்குப்பதிவு 69 சதவீதத்தைத் தாண்டியபோது தென் சென்னையும் மத்திய சென்னையும் 54ஐ ஒட்டி நின்றுவிட்டன. வட சென்னை 60. இங்கே மாற்றுக் கட்சிக்காரரை மனம் மாற்றுவதைவிட, வீட்டில் உட்கார்ந்திருக்கும் சொந்த ஓட்டை வெளியே கொண்டுவருவது சுலபம். மாலை போட்டு வேனில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு கட்சியின் வட்டச் செயலாளர்களோடு வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாக எடுத்துவைத்து உட்காருங்கள். யார் குடிமாறினார், யார் இறந்துவிட்டார், யாரைக் காலை 9 மணிக்குள் அழைத்து வர முடியும் என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் குறித்திருக்க வேண்டும்.

பூத் ஏஜென்டுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் மட்டும் கொடுத்து அனுப்புவது இன்னொரு தவறு. வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பே இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். அப்போதே அவர் உள்ளே இருக்க வேண்டும். மாலை வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் படிவம் 17சி நகல் வாங்காமல் எழுந்து வரக் கூடாது. எண்ணும் மேஜையில் எண்ணிக்கையை ஒப்பிட அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.

முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு ஒப்படைக்கப்பட வேண்டும், தோற்றவர்களும் சேர்த்து. காரணமில்லாமல் விட்டுவிட்டால் 3 ஆண்டுகள் வரை சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்க முடியாது.