ஒரு நாடு நெருக்கடியிலிருந்து மீளுமா? கடலூரில் உட்கார்ந்தே கணிக்கும் வழி

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது, முதுநகர் டீக்கடையில் எல்லாரும் டாலர் கையிருப்பைப் பற்றியே பேசினார்கள். டாலர் யாருக்கும் தீர்ந்து போகலாம். 1991-ல் நாமே சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தவர்கள்தான். விழுந்த நாடு எழுந்திருக்குமா என்பது அதை நடத்தும் அரசின் தரத்தைப் பொறுத்தது. அதைக் கணிக்க நான் பார்ப்பவை இவை.

முதலில் கணக்கு. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலை கரையேறியதே, அப்போது பண்ருட்டிப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் முந்திரித் தோப்பும் போயிற்று. கணக்கெடுக்க வந்தவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, ரோட்டில் நின்றபடியே "எத்தனை மரம் பெரியவரே?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். அடியோடு சாய்ந்தது, கிளை முறிந்தது, நன்றாக நின்றது எல்லாம் ஒரே எண்ணுக்குள். பட்டியலே தப்பு என்றால் நிவாரணம் எவ்வளவு அறிவித்து என்ன? கிரீஸ் கதையும் இதுதான். 2009 அக்டோபரில் புதிய அரசு வந்து ஏட்டைப் பிரித்தால், பட்ஜெட் பற்றாக்குறை முன்பு சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். திருத்தித் திருத்திக் கடைசியில் ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில், 15 சதவீதம் என்று வந்து நின்றது. அப்புறம் அவர்கள் உண்மையைச் சொன்னாலும் கடன் கொடுப்பவர்கள் நம்பவில்லை, வட்டி எகிறியது.

அடுத்து, மேலே இருப்பவரிடம் "வேண்டாம் சார்" என்று சொல்ல ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இலங்கையில் 2019 கடைசியில் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள், 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டுவிட்டு, நெல்லும் தேயிலையும் அடிவாங்கிய பிறகு அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கினார்கள். தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை, அல்லது அவர்கள் பேச்சு எடுபடவில்லை. வருமானத்தில் விழுந்த ஓட்டையை மத்திய வங்கி நோட்டடித்து அடைத்தது. அரசுக்கு இப்படி நேரடியாகக் கடன் கொடுக்கக் கூடாது என்று புதிய மத்திய வங்கிச் சட்டம் வந்தது 2023-ல்தான். ஆகவே ஒரு நாட்டைப் பற்றிப் படிக்கும்போது மத்திய வங்கி ஆளுநரை எத்தனை முறை மாற்றினார்கள், தணிக்கை அறிக்கை நேரத்துக்கு வருகிறதா என்று தேடுங்கள்.

மூன்றாவது, வலியை யார் சுமக்கிறார்கள் என்பது. 1997 கடைசியில் ஐஎம்எப் எனும் சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குப் போன தென்கொரியாவில், அடுத்த சில மாதங்களில் மக்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தையெல்லாம் கொடுத்தார்கள், 200 டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது. அந்தத் தங்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை என்பது: 1998-ல் நொடித்த வங்கிகளை மூடினார்கள், 1999-ல் டேவூ மாதிரி ஒரு பெரிய தொழில் குழுமத்தையே விழ விட்டார்கள். ஐஎம்எப் கடனை 2001 ஆகஸ்டில், தவணைக்கு முன்பே அடைத்தாயிற்று.

உலக வங்கி அரசுத் தரத்தை ஆறு தலைப்பில் அளந்து வெளியிடுகிறது. பார்க்கலாம், ஆனால் அது பலரின் கருத்தைத் திரட்டிச் செய்வது. யார் எத்தனையாவது இடம் என்பதை விட்டுவிட்டு, சில ஆண்டுகளாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

பழகிப் பார்க்க நம் பட்ஜெட்டே போதும். தமிழ்நாடோ புதுச்சேரியோ, ஒரே ஆண்டுக்கான பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கடைசியில் வந்த உண்மைக் கணக்கு மூன்றையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். மூன்றாவது எண் அடுத்த பட்ஜெட்டில் கிடைக்காது, அதற்கும் அடுத்ததில்தான் வரும். அதனால் தாளைப் பத்திரமாக வையுங்கள்.