தோள் இறுக்கம்: எனக்குப் பலன் கொடுத்தவை

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். எனக்குச் சர்க்கரை உண்டு. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுவதால், அடுத்தவர் பிடித்துத் தூக்கினாலும் கை ஏறாது. தலை பின்னக்கூட முடியவில்லை.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டபின் ராத்திரி வலி அடங்கியது. சர்க்கரைதான் சில நாள் எகிறியது (டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்). அப்புறம் பயிற்சி. ஒத்தடம் கொடுத்துவிட்டு, நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மற்றதைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவேன். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுவேன். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, குச்சியால் முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவதுதான் கஷ்டம். பலன் தெரிந்ததும் அதில்தான். இழுவை தெரியலாம், சுள்ளென்று வலித்தால் நிறுத்திவிடுவேன்.

நீவிவிடுபவரிடம் போகச் சொன்னவர்களும் உண்டு. இறுகிக் கிடக்கும் கையை வெடுக்கென்று இழுக்கவிட எனக்கு மனசில்லை.