சர்க்கரைப் புண்ணுக்கு எந்தக் கட்டுப் போடுவது?

சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவர் எங்கள் அப்பா. வலது காலில் பெருவிரலுக்கு அடியில் காய்த்துப்போன இடம் எப்போது புண்ணானது என்று அவருக்கே தெரியாது, கால் மரத்துப்போய் ரொம்ப நாளாச்சு, தரையில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஏழு மாதம் நான்தான் கட்டு மாற்றினேன். மெடிக்கலில் கேட்டால் ஆறேழு வகை எடுத்துப் போடுவார்கள், ஒன்றுக்கொன்று விலை பத்து மடங்கு வித்தியாசம், எதை வாங்குவது என்று தலை சுற்றும்.

முதலில் ஆஸ்பத்திரி வேலையை முடியுங்கள். காய்ப்பையும் செத்த சதையையும் டாக்டர் சீவி எடுக்கணும், பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று நாடி பிடித்தோ டாப்ளர் என்கிற ரத்த ஓட்டக் கருவி வைத்தோ பார்க்கணும், சீழ் எலும்பு வரை போயிருக்கிறதா என்று தெரியணும். இதெல்லாம் பார்க்காமல் மேலே எதை ஒட்டினாலும் காசுதான் வீண். விரல் கறுத்துக் காய்ந்து கிடந்தால் ஈரமான கட்டு எதுவும் வைக்காதீர்கள், காய்ந்தபடியே வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கழுவ நார்மல் சலைன், அதாவது மெடிக்கலில் விற்கிற சுத்தமான உப்புநீர் போதும். 500 மில்லி பாட்டில் வாங்கித் திறந்துவைத்து ஒரு வாரம் ஓட்டுவது தப்பு, திறந்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது, அதனால் 100 மில்லியாக வாங்குங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பொங்கும், பார்க்க ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும், ஆனால் புதிதாக வளர்கிற சதையையும் அது அரிக்கும். எங்களுக்கு முதலில் கட்டுப் போட்ட கிளினிக்கில் ஒரு மாதம் தினமும் அதைத்தான் ஊற்றினார்கள். ஏற்காட்டுப் பக்கம் என்றில்லை, கீழேயும் வெட்டுப்பட்டால் காப்பித்தூள் அப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சர்க்கரைக்காரர் காலில் அது வேண்டவே வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்.

இனி கட்டு. புண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வறண்டு, மஞ்சளாக அழுக்குப் படிந்திருந்தால் ஹைட்ரோஜெல், அது ஈரம் கொடுத்து அழுக்கை இளக்கும். நீர் கொட்டினால் ஆல்ஜினேட். கடல்பாசியிலிருந்து செய்வது, நீரை உறிஞ்சித் தானே ஜெல் மாதிரி ஆகிவிடும், ஆனால் வறண்ட புண்ணில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நடுத்தரமாக வடிந்தால் ஃபோம், மெத்தென்ற ஸ்பாஞ்சு மாதிரிக் கட்டு. சிவப்பாக நல்ல சதை வந்து லேசாக மட்டும் வடிகிறது என்றால் பாரஃபின் தடவிய வலைத்துணி, மேலே காஸ் என்கிற சாதாரணக் கட்டுத்துணி, அவ்வளவுதான். ஹைட்ரோகொல்லாய்டு என்கிற ஒட்டுக்கட்டு காற்றுப் புகாமல் மூடிவிடும், சீழ் சந்தேகம் இருந்தால் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். வெறும் சலைன் காஸ்தான் மலிவு, ஆனால் காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். பிய்க்காமல் சலைன் விட்டு ஊறவைத்து எடுங்கள்.

காஸ் தினமும் மாற்றணும், ஃபோம் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிவந்து கட்டு மாற்றிப் போகிறவருக்குப் பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் சேர்த்தால் மலிவான காஸ்தான் அதிகச் செலவு. ஆனால் மூடியே கிடக்கும் மூன்று நாளில் உள்ளே சீழ் வைத்தால் மரத்த காலுக்குத் தெரியாது, ஆகவே கிருமி இருக்கும்வரை தினமும் திறந்து பார்க்கிற கட்டே மேல்.

வெள்ளிக் கொலுசு ஊர்க்காரர்கள் நாம், வெள்ளி கலந்த கட்டு என்றதும் ஒரு மயக்கம் வரும். தேனும் அப்படித்தான். இந்த இரண்டும் சர்க்கரைப் புண்ணை வேகமாக ஆற்றுகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சர்க்கரைக் கால் பற்றி 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே, புண் ஆறுவதற்கென்று இவற்றைப் போட வேண்டாம் என்கிறது. மலைத்தேனைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சுகர் இல்லாதவர்கள். பிரிட்டனில் 317 பேரிடம் அயோடின் கட்டு, நீர் உறிஞ்சும் விலை கூடிய கட்டு, ஒட்டாத சாதாரணத் துணி மூன்றையும் ஒப்பிட்டு 2009-ல் வெளியிட்டார்கள். 24 வாரத்தில் ஆறியதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அப்புறம் ஏன் சிலருக்கு ஆறுகிறது, சிலருக்கு ஆறவில்லை? அப்பா கட்டோடு போய்த் தறி மிதித்தார், அதுதான் விஷயம். நம் மாவட்டத்தோடு முன்பு சேர்ந்திருந்த கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களைப் பார்த்துப் பார்த்து இதைத்தான் சொன்னார்: அங்கே சதையைத் தின்பது பெரும்பாலும் நோயில்லை, வலி தெரியாமல் ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பது. பாதத்தோடு ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு அந்தப் பாரத்தைப் பரப்பினார். சர்க்கரைக் காலுக்கும் இன்று அதே வழிதான். உள்ளங்கால் புண்ணுக்குக் கழற்ற முடியாத, முழங்கால் வரை வரும் மாவுக்கட்டு முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ சீழ் அதிகமாக இருந்தாலோ மறுப்பார். அப்பாவுக்கு அதைப் போட்ட பிறகுதான் புண் சுருங்கவே ஆரம்பித்தது, உள்ளே வைத்தது சாதாரணக் காஸ்.

நீங்களே கட்டும்போது உள்ளங்காலில் பஞ்சைத் தடியாக அடைக்காதீர்கள், செருப்புக்குள் கல் மாட்டிய கதையாகிவிடும். விரலைச் சுற்றி முழு வளையமாகப் பிளாஸ்திரி ஒட்டினால் ரத்தம் நின்றுபோகும்.

வாரம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். நாலு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் வேறு கட்டுத் தேடி அலையாமல், ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவுவது, நாற்றம், காய்ச்சல், கறுப்பு, காரணமில்லாமல் சுகர் ஏறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் திங்கட்கிழமை போகலாம் என்று வைக்காதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் அவசரப் பிரிவு ராத்திரியிலும் உண்டு. மலையில் இருப்பவர்கள் கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.